ஸ்காட்டின் டெப்போக்களில் மண்ணெண்ணெய் எங்கே போனது?

தென்திசை:
1912-ல் பிரிட்டிஷ் கேப்டன் ஸ்காட்டின் ஐவர் குழு தென் துருவத்திலிருந்து திரும்பி வரும்போது (வழியிலேயே எல்லோரும் இறந்தார்கள்), முன்கூட்டியே பொருள் சேமித்துவைத்த டெப்போக்களில் டெப்போவுக்கு டெப்போ எண்ணெய் குறைந்திருந்தது என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. ஏன் என்று கேட்டால்தான் சண்டை. பாதிப் பேர் "டின் பெஸ்ட்" என்கிறார்கள், அதாவது கடுங்குளிரில் வெள்ளீயம் பொடிந்து டின் ஓட்டையாகிவிட்டதாம். இன்னொரு கூட்டம் தோல் வாஷர்தான் காரணம் என்கிறது. பாதி வழியில் முன்னால் திரும்பிய துணைக் குழுக்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள் என்று பழியை அங்கே தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். எது நிற்கும்? "விதி சதி செய்தது" வகைப் பதில்கள் வேண்டாம். தேதி, அளவு, உலோகம், அடுப்பு என்று பேசுவோம்.

பனிப்பிளவு:
முதலில் தேதிகள். மைல் என்று ஸ்காட் எழுதுவது கடல் மைல், 1.85 கி.மீ. இதைச் சாதா மைலாகப் படித்துவிட்டுப் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

1912 பிப்ரவரி 24: பேரியரின் (இன்றைய ராஸ் பனித்தட்டு) தென்கோடி டெப்போ. உணவு சரியாக இருந்தது, எண்ணெய் குறைவு என்று டைரியில் குறிக்கிறார்.

மார்ச் 2: நடு பேரியர் டெப்போ. மறுபடியும் எண்ணெய் குறைவு. எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் 71 மைலுக்கு அப்பால் இருக்கும் அடுத்த டெப்போ வரை வருவது கஷ்டம் என்று எழுதுகிறார். குழுவில் ஒருவரான ஓட்ஸின் கால்விரல்கள் மோசமாகிவிட்டதும் அதே நாள் குறிப்பில்தான் வருகிறது.

மார்ச் 9, 10 வாக்கில் மவுண்ட் ஹூப்பர் டெப்போ. இங்கே எல்லாமே அளவுக்குக் குறைவு.

மார்ச் 18: அடுப்பில் கடைசியாக அரை நிரப்பு எண்ணெயும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் மட்டும் மிச்சம். மார்ச் 29-ல் எழுதிய கடைசிக் குறிப்பின்படி, 20-ம் தேதி அவர்களிடம் ஆளுக்கு இரண்டு கோப்பை டீ போடுகிற அளவுக்கே எரிபொருள் இருந்தது. உணவு இரண்டு நாளைக்கு.

நவம்பர் 12-ல் தேடுதல் குழு கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது ஸ்காட் பக்கத்தில் ஒரு விளக்கு கிடந்தது. காலி டின் ஒன்றில், ஃபின்னெஸ்கோ என்ற ரெயின்டீர் தோல் காலணியிலிருந்து உருவிய திரியைப் போட்டுச் செய்தது. மிச்சமிருந்த ஸ்பிரிட்டை அதில்தான் எரித்திருக்கிறார்கள். ஆக, எண்ணெய் தீர்ந்தது கதையல்ல, தடயம் இருக்கிறது. எப்படித் தீர்ந்தது என்பதுதான் கேள்வி.

உலோகப்பித்தன்:
டின் பெஸ்ட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன்.

வெள்ளீயம் 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாம்பல் நிற வடிவத்துக்கு மாற முடியும். மாறும்போது கன அளவு ஏறக்குறைய 27 சதவீதம் பெருகும், அதனால் உடைந்து பொடியாகும். இது உண்மை. ஆனால் மாற "முடியும்" என்பது வேறு, மாறிவிடும் என்பது வேறு. முதல் கரு உருவாகவே மாதங்கள், சில சமயம் வருடங்கள் பிடிக்கும். ஈயம், ஆன்டிமனி, பிஸ்மத் கொஞ்சம் கலந்திருந்தாலே இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும்.

இப்போது டின்னைப் பாருங்கள். அது வெள்ளீயத்தால் செய்ததில்லை, தகரம். உள்ளே இரும்புத் தகடு, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுக்கப் பொடிந்து கொட்டினாலும் இரும்பு அப்படியே இருக்கும், ஓட்டை விழாது. பலவீனமான இடம் பற்றவைத்த மூட்டு மட்டும்தான். அந்தக் காலத்துத் தகர வேலைக்குப் பயன்பட்ட பற்றாசில் ஈயம் கணிசமாக உண்டு, அது டின் பெஸ்ட்டுக்கு நல்ல தடுப்பு. மூட்டு விட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஸ்லெட்ஜில் குலுங்கி வந்தால் விடத்தான் செய்யும். அது பொறியியல் கோளாறு. உலோகத்தின் மாய நோய் எல்லாம் இல்லை.

ரஷ்யக் குளிரில் நெப்போலியன் படையின் பொத்தான்கள் பொடிந்த கதையும் இதே ஜாதிதான். கேட்க நன்றாக இருக்கும்.

தென்திசை:
அப்போ வாஷர்?

உலோகப்பித்தன்:
வாஷர்தான் என் கட்சி. காலன் டின், திருகு மூடி, மூடிக்கு அடியில் தோல் வளையம். தோல் இறுக்கமாகப் பிடிப்பதற்குக் காரணம் அதிலுள்ள ஈரமும் கொழுப்பும். அண்டார்க்டிகாவின் வறண்ட குளிர் ஈரத்தை உறிஞ்சிவிடும். மண்ணெண்ணெய் கொழுப்பைக் கரைத்துவிடும். மிஞ்சுவது சுருங்கி விறைத்த அட்டை.

அதற்குமேல் மூன்று விஷயங்கள் சேரும். ஒன்று, டெப்போவில் டின்களை எளிதில் தெரியட்டும் என்று பனிக்குவியலின் உச்சியில் வைத்தார்கள். வெயில் பட்டுத் தகரம் சூடாகும், உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து மூடி வழியே வெளியேறும். சூரியன் தாழ்ந்ததும் குளிர்ந்து வெளிக்காற்றை இழுக்கும். நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்தாலும், மாதக்கணக்கில் டின் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்திருக்கும். இரண்டு, மண்ணெண்ணெய்க்குப் பரப்பு இழுவிசை குறைவு, தண்ணீர் புகாத இடுக்கில்கூட ஊர்ந்து ஏறிவிடும். மூன்று, வழியில் ஒரு குழு திறந்து தன் பங்கை ஊற்றிக்கொண்டு, உறைந்த விரல்களால் திரும்ப மூடிய டின் எந்த அளவுக்கு இறுகியிருக்கும்?

பனிப்பிளவு:
இதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது, ஸ்காட்டின் பயணத்தில் இருந்த செர்ரி-கெரார்ட் பதிவு செய்தது. 1911 செப்டம்பரில் கேப் இவான்ஸ் தலைமை முகாமில், ஒரு காலன் டின்கள் எட்டு உள்ள மரப்பெட்டி ஒன்றை வெளியே வைத்தார்கள். பனி மூடிவிட்டது, யாரும் தொடவில்லை. 1912 டிசம்பரில் தோண்டி எடுத்தபோது மூன்று டின் முழுசாக இருந்தன, மூன்று காலி, ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கு.

யாரும் தொடாத பெட்டி! முன்னால் திரும்பியவர்கள் கூடுதலாக எடுத்தார்கள் என்கிறவர்கள் இந்தப் பெட்டிக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

முகாமுக்குத் திரும்பும் வழியில் மவுண்ட் ஹூப்பருக்கு வடக்கே இருந்த ஒன் டன் டெப்போவிலும் மேலே வைத்த டின்னிலிருந்து எண்ணெய் கசிந்து கீழே இருந்த உணவு கெட்டுப்போயிருந்தது.

உலோகப்பித்தன்:
அந்தப் பெட்டி அருமையான சான்று. ஆனால் நேர்மையாகச் சொன்னால் அது வாஷரை மட்டும் நிரூபிக்கவில்லை. ஒரே பெட்டியில் ஒன்று நிறைந்தும் ஒன்று காலியாகவும் இருப்பது, டின்னுக்கு டின் மாறுபடும் எந்தக் கோளாறுக்கும் பொருந்தும். அடி மூட்டு விட்டிருந்தால் மொத்தமும் வடிந்திருக்கும், அந்த மூன்று காலி டின்கள் அப்படிப் போயிருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சிய டின் மேல்பக்கமாக, மெதுவாக இழந்தது என்றுதான் படுகிறது. அதாவது மூடி வழியாக.

மட்டக்குதிரை:
முன்னால் திரும்பிய குழுக்கள் மேல் குற்றம் சுமத்துகிறவர்களுக்கு ஒரு விளக்கம். ரேஷன் எல்லாம் நால்வர் குழு, ஒரு வாரம் என்ற அலகில் கட்டியது. 1912 ஜனவரி 4-ல் ஸ்காட் கடைசிக் குழுவைத் திருப்பி அனுப்பும்போது பவர்ஸையும் சேர்த்து ஐந்து பேராகப் போகிறார். டெடி இவான்ஸ், லாஷ்லி, கிரீன் மூவராகத் திரும்புகிறார்கள். நால்வருக்குக் கட்டியதை மூவருக்கு, ஐவருக்கு என்று ஒவ்வொரு டெப்போவிலும் கூடாரத்துக்குள் பிரித்தாக வேண்டும். பிஸ்கட்டை எண்ணிப் பிரிக்கலாம். எண்ணெயை? காலன் டின்னைச் சாய்த்துக் குத்துமதிப்பாக ஊற்றுவதுதான். அதில் கொஞ்சம் கூடக் குறைய ஆகியிருக்கலாம். ஆனால் அந்த மூவரில் டெடி இவான்ஸ் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) நடக்கவே முடியாமல் ஸ்லெட்ஜில் கட்டி இழுக்கப்பட்டவர். கிரீன் மூன்று பிஸ்கட்டும் இரண்டு சாக்லேட் துண்டும் வைத்துக்கொண்டு 18 மணி நேரம் தனியாக நடந்து உதவி கொண்டுவந்தார். எண்ணெயை வாரி இறைத்து வசதியாக வந்தவர்கள் போலவா இருக்கிறது?

பம்புஸ்டவ்:
அடுப்புப் பக்கம் யாரும் போகவில்லையே. ஸ்காட் குழு, துருவத்துக்கு முதலில் போன நார்வேக்காரர் அமுண்ட்சென் குழு இரண்டும் பயன்படுத்தியது ப்ரைமஸ். நம் வீடுகளில் கேஸ் வருவதற்கு முன் இருந்த பம்ப் ஸ்டவ்வேதான். அதன்மேல் நான்சென் குக்கர்: நடுவில் ஒரு பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், மொத்தத்துக்கும் மேலே ஒரு மூடுகூடு. நடுவில் பெமிக்கன் (உலர்ந்த இறைச்சிப்பொடியும் கொழுப்பும் கலந்தது) கொதிக்கும்போது, வெளியேறும் சூடு வளையத்திலிருக்கும் பனியை உருக்கும்.

எவ்வளவு எண்ணெய் ஆகும்? −30 டிகிரியில் இருக்கும் 1 கிலோ பனியைக் கொதிநீராக்க: பூஜ்யத்துக்குக் கொண்டுவர 63 கிலோஜூல், உருக்க 334, கொதிநிலைக்கு 418. மொத்தம் சுமார் 815. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 35,000 கிலோஜூல் உண்டு. கூடாரத்தில் பாதிச் சூடு வீண் என்று வைத்தால், லிட்டருக்கு 21 லிட்டர் கொதிநீர். ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் என்றால் நால்வருக்கு 12 லிட்டர், அதற்கு 0.56 லிட்டர் எண்ணெய். ஒரு காலன் (4.55 லிட்டர்) எட்டு நாள் வரும். வாரத்துக்கு ஒரு டின் என்று திட்டமிட்டால் ஒரு நாள் மிச்சம். மூன்றில் ஒரு பங்கு ஆவியானால் ஐந்தரை நாள்கூட வராது.

இன்னொன்று, பம்ப் ஸ்டவ்வைக் குளிரில் பற்றவைப்பதே எண்ணெயையும் ஸ்பிரிட்டையும் தின்னும். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி பர்னரைச் சூடாக்க வேண்டும், ஸ்பிரிட் அணையப்போகும் தருணத்தில் காற்றுத் திருகை மூடி பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆவிக்குப் பதில் எண்ணெயாகவே பீய்ச்சும், மஞ்சள் தீ, புகைக்கரி. அணைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பர்னர் −40-ல் இருந்தால் ஒரு கிண்ணம் ஸ்பிரிட் போதாது. பம்ப்புக்குள்ளும் ஒரு தோல் வாஷர் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அது விறைத்தால் காற்றே ஏறாது, எண்ணெய் தடவி இளக்கியாக வேண்டும். நாசியில் அடைப்பு வந்தால் பின் குத்த வேண்டும், அதைக் கையுறை போட்டுக்கொண்டு செய்ய முடியாது.

மட்டக்குதிரை:
உங்கள் கணக்கை வைத்தே ஒன்று கேட்கிறேன். பேரியரில் டெப்போவுக்கு டெப்போ ஏறக்குறைய 65–70 மைல். மார்ச்சில் அவர்கள் போன வேகம் நாளுக்கு ஆறு மைலை ஒட்டி, சில நாள் அதற்கும் கீழே. 65-ஐ ஆறால் வகுத்தால் பதினோரு நாள். டின் முழுசாக இருந்திருந்தாலும் எட்டு நாள்தானே வந்திருக்கும்? ஒரு சொட்டு கசியாவிட்டாலும் தீர்ந்திருக்கும்!

அடுப்பு எரிவது நாள் கணக்கில். மைல் கணக்கில் இல்லை. வேகம் குறைந்ததுதான் மூல நோய், கசிவு அதன்மேல் விழுந்த அடி.

வேகம் ஏன் குறைந்தது என்பதற்குப் பல காரணம். ஸ்லெட்ஜின் அடிக்கட்டை வழுக்குவது உராய்வில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தால். −35, −40-ல் அந்தப் படலமே உருவாகாது, பனி மணல் மாதிரி பிடித்துக்கொள்ளும். 1912 மார்ச் பேரியரில் வழக்கத்தைவிடக் கடுங்குளிர் என்று பிற்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு வளிமண்டல விஞ்ஞானி சூசன் சாலமன் காட்டியிருக்கிறார். அடுத்தது சாப்பாடு. பீடபூமி ரேஷன் ஆளுக்கு நாளைக்கு பிஸ்கட் 450 கிராம், பெமிக்கன் 340, சர்க்கரை 86, வெண்ணெய் 57, டீ 24, கோகோ 16. சுமார் 4,500 கலோரி. தோளில் வார் மாட்டி இழுப்பவனுக்கு 6,000-க்கு மேல் வேண்டும். மாதக்கணக்கில் இந்தப் பற்றாக்குறை ஓடினால் உடம்பு தன்னையே தின்னும். வைட்டமின் சி சுத்தமாக இல்லாத ரேஷன் வேறு.

ஐந்தாவது ஆள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐவருக்குச் சமைக்க நாளைக்கு அரைமணி நேரம் கூடுதலாகிறது, மாற்றி அமைக்கும்போது இதை யோசிக்கவில்லை என்று ஜனவரி 5-ல் ஸ்காட்டே எழுதுகிறார். துருவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது!

பம்புஸ்டவ்:
கணக்கு சரிதான். பாதி வீண் என்று நான் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன், மூடுகூட்டைச் சரியாகப் பொருத்தினால் நான்சென் குக்கர் அதைவிட நன்றாகச் செய்யும். அப்படியானால் முழு டின் பத்துப் பன்னிரண்டு நாள் இழுத்திருக்கும், அதாவது உங்கள் பதினோரு நாளைக்குத் தொட்டுக்கொள். ஆகவே கசிவை ஒதுக்கிவிட முடியாது.

கறுப்புக்கொடி:
அமுண்ட்சென் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டால்தான் விளங்கும்.

அவர் எண்ணெய் டின்களைத் தோல் வளையத்தை நம்பி விடவில்லை, பற்றவைத்தே மூடினார். 1903–06-ல் யோவா கப்பலில் வடமேற்கு வழியைக் கடந்தபோது ஆர்க்டிக் குளிரில் வாழ்ந்து பார்த்தவர். ஆனால் ஸ்காட்டும் 1901–04 டிஸ்கவரி பயணத்தில் இதே கசிவைப் பார்த்தவர்தானே? தெரிந்த கோளாறு. அப்போதிருந்த கார்க்கை மாற்றித் திருகு மூடி வைத்தும் பத்து வருடம் கழித்து அதே கசிவு. இது எனக்கு என்றுமே புரியாத விஷயம்.

டெப்போவைக் கண்டுபிடிப்பதும் எண்ணெய்ச் செலவுதான், தேடும் ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியும். ஸ்காட்டின் டெப்போ பெரும்பாலும் ஒரு பனிக்குவியல், ஒரு கொடி. மூடுபனியில் அரை மைல் விலகினால் போச்சு. அமுண்ட்சென் தெற்கு அட்சரேகை 80 பாகையில் இருந்த டெப்போவில் தன் பாதைக்குக் குறுக்காக, கிழக்கே பத்தும் மேற்கே பத்துமாக இருபது மூங்கில் கழிகளில் கறுப்புக் கொடி நட்டார், இடைவெளி அரை மைல். ஒவ்வொரு கொடிக்கும் எண். எந்தக் கொடியில் முட்டினாலும் டெப்போ எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று அதிலேயே தெரியும். தெற்கே போகும் வழியில் ஆள் உயரப் பனித்தூண்கள் 150 கட்டினார்கள், அதற்கு வெட்டிய பனிக்கட்டிகள் 9,000. ஒவ்வொரு தூணிலும் அதன் எண்ணும் அடுத்த தூணின் திசையும் எழுதிய சீட்டு.

பெட்டிகளையும் கவனியுங்கள். ஸ்லெட்ஜ் பெட்டியின் மேல்பலகையில் வட்டத் துளை போட்டு உலோக மூடி வைத்தார்கள். ராத்திரி சாப்பாடு எடுக்கக் கயிறை அவிழ்க்க வேண்டாம், மூடியைத் திறந்து கையை விட்டால் போதும். −40-ல் முடிச்சு அவிழ்ப்பது என்ன வேலை என்று யோசித்தால் இதன் அருமை தெரியும்.

1911 அக்டோபரில் ஐந்து பேர், நாலு ஸ்லெட்ஜ், 52 நாய்கள். 1912 ஜனவரி 25-ல் முகாம் திரும்பினார்கள், நாய்கள் 11. மொத்தம் 99 நாள். ஸ்காட் கிளம்பிய நவம்பர் 1-லிருந்து கடைசிக் குறிப்பு வரை 150 நாள். மட்டக்குதிரை சொன்ன நாள் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. திரும்பும்போது எண்ணெய் மிஞ்சி, மவுண்ட் பெட்டி என்ற குன்றில் 17 லிட்டர் டின் ஒன்றையும் தீப்பெட்டிகளையும் விட்டுவிட்டு வந்தார்கள். 1929-ல் அமெரிக்கர் பேர்டின் அண்டார்க்டிகா பயணத்தில் இருந்த லாரன்ஸ் கூல்டு குழு அந்தக் கற்குவியலைக் கண்டுபிடித்தது. டின் அங்கேயே இருந்தது.

மட்டக்குதிரை:
அமுண்ட்சென் புராணம் பாடும்போது 1911 செப்டம்பர் 8-ஐயும் சேர்த்துப் பாடுங்கள். ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் வசந்தம் வருவதற்குள் கிளம்பி, −56-ல் மாட்டி, ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு முகாமுக்கு ஓடி வந்தவர். அதைத் தட்டிக் கேட்ட தன் குழுவின் ஜோஹான்சனைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கினார். கையில் ஒன்றரை மாதம் மிச்சம் இருந்ததால் அந்தத் தப்பைச் சரிசெய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

கறுப்புக்கொடி:
ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பின்வாங்கல் அசிங்கமானது.

தென்திசை:
கசிவு, வேகம் இரண்டும் சேர்ந்தது என்று புரிகிறது. ஒன் டன் டெப்போவை முதலில் நினைத்த இடத்தில் வைத்திருந்தால் இது எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்கிறார்களே?

பனிப்பிளவு:
இடம் மட்டும் பார்த்தால் ஆமாம். திட்டம் 80 பாகை. 1911 பிப்ரவரி 17-ல் வைத்தது 79 பாகை 29 நிமிடத்தில், 31 கடல் மைல் வடக்கே, சுமார் 57 கி.மீ. கடைசிக் கூடாரம் அங்கிருந்து 11 மைல் தெற்கே. நினைத்த இடத்தில் இருந்திருந்தால் அந்த டெப்போவை அவர்கள் ஏற்கெனவே தாண்டியிருப்பார்கள்.

நிறுத்தக் காரணம் மட்டக்குதிரைகள். குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அந்த வியர்வை உறையும். ஒவ்வொரு முகாமிலும் காற்றுக்குத் தடுப்பாகப் பனிச்சுவர் எழுப்ப வேண்டும், தீவனம் முழுக்கச் சுமந்தாக வேண்டும். நாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, சீல் இறைச்சியே போதும். பலவீனமான குதிரைகளைக் கொன்று இறைச்சியை அங்கேயே வைத்துவிட்டு மேலே போகலாம் என்று ஓட்ஸ் சொன்னார், ஸ்காட் மனம் ஒப்பவில்லை. இரக்கப்பட்டுக் காப்பாற்றியும் பலனில்லை, அந்த டெப்போ பயணத்துக்குப் போன எட்டில் ஆறு குதிரைகள் முகாம் திரும்பவில்லை.

ஆனால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் மேலே வைத்த டின் கசிந்திருந்தது என்பதை மேலே சொன்னேன். உணவு கிடைத்திருக்கும். மார்ச் 10 வரை செர்ரி-கெரார்டும் நாயோட்டி டிமிட்ரியும் நாய்களோடு அங்கே காத்திருந்தார்கள் என்பது இன்னொரு சிக்கல். நாய்களுக்கான தீவனத்தை ஒன் டன்னுக்கு முன்கூட்டியே கொண்டுபோய் வைக்கச் சொன்ன உத்தரவு நிறைவேறவில்லை, அதனால் அவர்களால் தெற்கே போக வழியில்லாமல் போனது.

மட்டக்குதிரை:
வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாய்களைக் கொன்று நாய்களுக்கே போட்டுக்கொண்டு தெற்கே போயிருக்கலாம், அமுண்ட்சென் செய்தது அதுதான். ஆனால் நாய்களைப் பத்திரமாக வைத்திரு என்பதுதான் செர்ரிக்குக் கிடைத்த கட்டளை, அவருக்குத் திசைகாணவும் தெரியாது, கிட்டப்பார்வை வேறு. அந்த உத்தரவுகள் அக்டோபரிலிருந்து எத்தனை முறை மாறின என்பதே பெரிய விவகாரம். எண்ணெய் இழையில் இதை இழுத்தால் முடியாது, தனி இழை திறங்கள், வருகிறேன்.

உலோகப்பித்தன்:
திறக்கும்போது இணைப்பு கொடுங்கள். பம்புஸ்டவ், உங்களுக்கு ஒரு கேள்வி பாக்கி: டின்னை உச்சியில் வைக்காமல் பனிக்குள் அரை மீட்டர் ஆழத்தில் புதைத்திருந்தால் வெயில் சூட்டால் வரும் இழப்பு எவ்வளவு குறைந்திருக்கும்?

பம்புஸ்டவ்:
அந்த ஆழத்தில் நாள் வெப்பமாற்றம் ஏறக்குறைய எட்டாது, ஆகவே மூச்சுவிடும் இழப்பு பெரும்பாலும் நின்றிருக்கும். ஆனால் கேப் இவான்ஸ் பெட்டியும் பனிக்குள் மூடித்தான் கிடந்தது, அதிலேயே மூன்று டின் காலி. புதைப்பது பாதித் தீர்வுதான். மூடியைப் பற்றவைத்து, குத்தித் திறக்கிற மாதிரி செய்து, திறந்த டின்னை அதே டெப்போவில் முழுசாகப் பிரித்துக் காலி செய்துவிட வேண்டும். காலன் டின்னுக்குப் பதில் கால் காலன் டின்களாக இருந்திருந்தால் பங்கு பிரிக்கிற தொல்லையும் இல்லை. தகரத்தின் எடை கொஞ்சம் கூடும், அது ஒன்றுதான் நஷ்டம்.